பதினோரு மாத ஒப்பந்தம், முப்பது வருடப் பாம்பு

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கிவிடுகிறேன். சென்னையில் வாடகை வீடு, மேல் மாடி, தலைக்கு மேல் மொட்டை மாடி. ஹவுஸ் ஓனர் குடும்பம் கீழ்வீட்டில். ஒப்பந்தத்தில் ‘செல்லப்பிராணிகள் வளர்க்கக் கூடாது’ என்று ஒரு வரி. இவருக்குப் பால் பைதான் (ball python என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்க்க ஆசை. பெங்களூரில் ஒருவர் குட்டி தரத் தயாராக இருக்கிறார், ‘பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறாராம். “அந்த வரி நாய், பூனைக்காகப் போட்டது. பாம்பு குரைக்காது, முடி கொட்டாது, சோபாவைக் கிழிக்காது. கண்ணாடித் தொட்டியில் சுருண்டு கிடக்கும். ஓனருக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பாம்பு சரிவராது என்றால் சுகர் கிளைடரோ (மரம் விட்டு மரம் சறுக்கித் தாவும் சின்னப் பிராணி) இகுவானாவோ (பெரிய பல்லி வகை) வாங்கலாமா?” இதுதான் கேள்வி.

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்தப் பாம்பு சாதுவானது, விஷமில்லாதது. மூன்றிலிருந்து ஐந்து அடி வளரும். பயந்தால் கடிப்பதைவிடத் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு சுருண்டுவிடும். ஆனால் நீங்கள் யோசிக்கத் தொடங்கிய இடம் தவறு. ஓனர் இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை வனத்துறை.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 நம் நாட்டு விலங்குகளுக்கு மட்டும்தான், வெளிநாட்டு விலங்கு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கும் இனங்களை இந்தத் திருத்தம் நான்காவது அட்டவணையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பால் பைதான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பச்சை இகுவானா, சன் கான்யூர் என்ற மஞ்சள் கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி எல்லாம் இருக்கின்றன. இவற்றை உயிரோடு வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள், அது முடிந்துவிட்டது. புதிதாக வாங்குபவர் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போல, சைட்டிஸின் முதல் பின்னிணைப்பில் இருப்பவற்றை இனப்பெருக்கம் செய்பவருக்குத் தனியாக உரிமமும் வேண்டும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இப்போது உங்கள் பெங்களூர்க்காரர் சொன்ன ‘அப்புறம்’ என்பதை யோசித்துப் பாருங்கள். பேப்பர் என்பது பின்னால் சேர்த்துக்கொள்ளும் ரசீது இல்லை. அந்தக் குட்டி எங்கே பிறந்தது, அதன் தாய் பதிவான விலங்கா, இவர் பதிவு செய்து வைத்திருப்பவரா என்ற சங்கிலி முதலிலிருந்தே இருக்க வேண்டும். இல்லாத சங்கிலியை அப்புறம் யாராலும் செய்து தர முடியாது. பேங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் பால் பைதான் பிடிபடுவது சென்னை விமான நிலையத்தில் சகஜமாகிவிட்டது. 2023 ஜனவரியில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் மட்டும் 45 இருந்தன. பிடிபடாமல் வெளியே வந்தவைதான் ‘அப்புறம் தர்றேன்’ விலையில் விற்பனைக்கு வருகின்றன. ஆம்னி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டி போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

சிலர் இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக, “சரி, கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலிலேயே இல்லையே, சுகர் கிளைடரும் இல்லையே” என்பார்கள். உண்மைதான், அவற்றுக்கு இந்தப் பதிவு தேவைப்படாது. ஆனால் உரிமமில்லாமல், சுங்கத்துக்குத் தெரியாமல் நாட்டுக்குள் வந்த விலங்கு பட்டியலில் இல்லாவிட்டாலும் கடத்தல் பொருள்தான். விற்றவரிடம் பில்லும், அது எங்கிருந்து வந்தது என்ற ஆதாரமும் கேளுங்கள். திணறினால் கிளம்பிவிடுங்கள். நம்மூர்க் காட்டு விலங்குகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பச்சைக்கிளி இரண்டாவது அட்டவணையிலும் நட்சத்திர ஆமை முதல் அட்டவணையிலும் இருக்கின்றன. ராசி என்று ஆமையும், ஜோடி என்று கிளியும் வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளுக்கு இது தெரியாது.

இனி ஓனர் விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்னதும் இதுவும் தனித்தனி அல்ல, இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முறையாக வாங்கி முறையாகப் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் விலங்கு எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். அது இந்த வாடகை வீடு. தேவைப்பட்டால் வனத்துறை அலுவலர் நேரில் வந்து இடத்தையும் விலங்கையும் பார்ப்பார். கீழ்வீட்டுக் கேட்டைத் தாண்டித்தான் மேலே வர வேண்டும். காக்கிச் சீருடை மாடியேறுவதைப் பார்த்த பிறகு உங்கள் ஓனரிடம் என்ன சொல்வீர்கள்? ஆக, சட்டப்படி வைத்துக்கொள்வதும் ஓனருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வதும் ஒரே நேரத்தில் நடக்காது. ஓனரிடம் மறைக்க வேண்டும் என்றால் அரசிடமும் மறைத்தாக வேண்டும். ‘சொல்லாமல் வைத்துக்கொண்டால் என்ன’ என்று கேட்டீர்கள். என்னவென்றால் இதுதான்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதிலும் இந்த வித்தியாசம் தெரியும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது) குடியிருப்பவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு தருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் ஓனர் நினைத்த நேரத்தில் வீட்டுக்குள் வர முடியாது, 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. வெளியேற்ற வேண்டுமென்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது வெளியேற்றுவதற்கு ஒரு காரணம். வீட்டுக்குச் சேதம், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை, உரிமையாளரின் நலனுக்குப் பாதகம், சட்டவிரோதக் காரியம் எல்லாம் அதில் அடங்கும். அதற்கும் முதலில் நோட்டீஸ் கொடுத்து, நிறுத்தச் சொல்லி, நிறுத்தவில்லை என்றால்தான். பதிவான விலங்கு என்றால் இந்த முறையெல்லாம் உங்களுக்குத் துணை நிற்கும், பேசித் தீர்க்க நேரம் கிடைக்கும். பதிவில்லாத விலங்கு என்றால் ஓனர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதே இல்லை. வனத்துறைக்கு ஒரு போன் போதும். நீங்கள் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் தைரியத்தைக்கூட இழந்துவிடுவீர்கள்.

‘செல்லப்பிராணி என்றால் நாய் பூனைதான்’ என்ற வாதத்தை வைத்து ஜெயிக்க முயலாதீர்கள். ஒப்பந்தத்தில் விளக்கம் எழுதவில்லை என்றால் சாதாரண மனிதர் என்ன புரிந்துகொள்வார் என்றுதான் பார்ப்பார்கள். பூனையே வேண்டாம் என்ற வீட்டில் பாம்புக்குச் சம்மதம் இருந்திருக்கும் என்று எந்த நீதிபதியும் நம்பமாட்டார். இன்னொரு வாதமும் வரும்: செல்லப்பிராணிகளைத் தடைசெய்யக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் சொல்லியிருக்கிறதே, 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லியிருக்கிறதே என்று. இரண்டும் உண்மை. ஆனால் அவை அடுக்குமாடிச் சங்கங்கள் குடியிருப்போர் மீது போடும் தடையைப் பற்றியவை. சொந்த வீட்டைக் கொடுக்கும் ஒருவரும் வாங்கும் ஒருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேறு. அது தவிர அந்தப் பேச்சு முழுவதும் நாயைச் சுற்றி நடந்தது. பைதானோடு போய் அதைக் காட்டினால் சங்கச் செயலாளர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்!

சட்டத்தை விட்டுவிடுவோம். விலங்கின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒளித்து வளர்ப்பது மோசமான ஏற்பாடு. எனக்கு இதுதான் முக்கியம்.

பால் பைதானுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 - 33 டிகிரி, மறுபக்கம் 25 - 27 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் அளவில் வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்றே பேசும். சென்னையில் வருடத்தில் பெரும்பாலும் சூடேற்றத் தேவையே இல்லை, குளிர்விப்பதுதான் கஷ்டம். மே மாதம், மொட்டை மாடிக்குக் கீழே, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நீங்கள் ஆபீஸ் போன வீடு மத்தியானம் மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கண்ணாடித் தொட்டிக்குள் இன்னும் மோசம். பாம்புக்கு வியர்க்காது, தப்பிக்க நிழலும் இல்லை என்றால் வெப்பத்திலேயே செத்துவிடும். ஓனரிடம் சொல்லி வைத்திருப்பவர் கரண்ட் போனால் கீழ்வீட்டுக்குப் போன் செய்து, “கொஞ்சம் ஜன்னலைத் திறந்துவிட முடியுமா, இன்வெர்ட்டர் ஓடுதான்னு பாருங்க” என்று கேட்கலாம். ஒளித்து வைத்திருப்பவர் யாரிடம் கேட்பார்?

அடுத்தது தப்பித்தல். பாம்பு வளர்ப்பவர்களில் ஒரு தடவையாவது பாம்பைத் தேடாதவர்கள் குறைவு. மூடி ஒரு விரல் அளவு நகர்ந்தால் போதும். பாத்ரூம் ஜாலி, சிங்க் குழாய் இறங்கும் ஓட்டை, ஏசிக்குப் போட்ட துளை என்று சென்னை வீடுகளில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தால் பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் பின்னால், சூடான இடத்தில், பெரும்பாலும் கிடைத்துவிடும். இரவில் சுவரோரம் மாவு தூவி வைத்தால் எந்தப் பக்கம் போனது என்று தடம் தெரியும். ஆனால் கீழ்வீட்டுக் குளியலறையில் அது தலைகாட்டினால்? பழுப்பு உடம்பில் கறுப்புத் திட்டுகள் உள்ள பாம்பைப் பார்த்த யாரும் இது ஆப்பிரிக்காக்காரன், சாது என்று நினைக்கப் போவதில்லை. கண்ணாடி விரியன் என்றுதான் கத்துவார்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவது நல்ல வீட்டில். மற்ற வீடுகளில் கழிதான் முதலில் வரும். ஓனருக்கு முன்பே தெரிந்திருந்தால், போட்டோ பார்த்திருந்தால், அந்த அலறல் உங்களுக்கு வரும் போனாக இருந்திருக்கும்.

சாப்பாடு எலி. உயிரோடு போடுவதை நான் ஏற்கவில்லை. எலிக்கும் கொடுமை, பதறிய எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கியும்விடும். உறைய வைத்த எலியை இளக்கி, சூடாக்கிக் கொடுப்பதுதான் முறை. அப்படியென்றால் உங்கள் ஃப்ரீசரில் எலி இருக்கும். கூட ரூம்மேட் இருந்தால், வேலைக்கு அக்கா வந்தால், இது ஒரு வாரம்கூட ரகசியமாக இருக்காது. ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியைச் சமையலறை சிங்கில் கழுவவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது விளையாட்டில்லை. நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைக்குட்டிகளை அமெரிக்கா 1975-இலேயே விற்பனையிலிருந்து தடைசெய்தது இதனால்தான். கீழ்வீட்டுக் குழந்தை உங்கள் வீட்டுக்கு விளையாட வருமென்றால் அதன் பெற்றோருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவரும் சுலபமில்லை. நாய் பார்க்கும் எல்லா டாக்டரும் பாம்பு பார்க்க மாட்டார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நகரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரும்தான் வழி. பதிவில்லாத விலங்கை அங்கே கொண்டுபோகப் பயந்து, இணையத்தில் படித்து ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சுத்தொற்று வந்த பாம்பு வாயைத் திறந்து மூச்சுவிட ஆரம்பிக்கும் வரை காத்திருந்து, பிறகு எதற்கும் பயனில்லாமல் போகிறது.

இதற்கெல்லாம் மேல் ஒரு கணக்கு இருக்கிறது. பால் பைதான் நல்ல கவனிப்பில் 20 முதல் 30 வருடம் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 60 வயதைத் தாண்டிய ஒன்று 2020-இல் முட்டையே இட்டது. உங்கள் ஒப்பந்தம் 11 மாதம். அந்தப் பாம்பின் வாழ்நாளில் நீங்கள் எத்தனை வீடு மாறுவீர்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஒளிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நடுராத்திரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஏற்கெனவே பேச்சிலருக்கு வீடு இல்லை, அசைவம் கூடாது என்று எத்தனை வடிகட்டல் இருக்கிறது, அதில் இதுவும் சேரும்.

சரி, பாம்பில்லை, மற்றவை? சுகர் கிளைடர் சத்தமில்லாத பிராணி என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அது ராத்திரி விழித்திருக்கும், நாய்க்குட்டி போலக் குரைக்கும், கூட்டமாக வாழும் பிராணி என்பதால் தனியாக விட்டால் தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்ளும். ஆண் கிளைடரின் வாசனை திரைச்சீலையில் ஏறினால் போகாது. பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனால் பாம்புக்குத் தண்ணீர் இருந்தால் போதும், கிளைடருக்குத் தினமும் ஆள் வேண்டும். இகுவானாவை ஒரு ஜாண் அளவில் விற்பார்கள். அது ஐந்து அடி வரை வளரும், புற ஊதா விளக்கோடு ஒரு அறையே கேட்கும். வாடகை வீட்டில் அதை வைப்பது என் பார்வையில் அநியாயம். சன் கான்யூர் கத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பல்லாவரம் வெள்ளிச்சந்தையில் கூண்டுக்குள் பாவமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முள்ளெலி ராத்திரி முழுக்கச் சக்கரம் ஓட்டும், கீழ்வீட்டுக்காரருக்குத் தூக்கம் போகும். உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது மீன்தொட்டிதான். கொளத்தூர் போனால் வேண்டியது கிடைக்கும், பெரும்பாலான ஓனர்கள் ஆட்சேபிக்கவும் மாட்டார்கள். அதற்கும் கேட்டுவிடுங்கள். நான்கு அடிக்கு ஒன்றரை, ஒன்றரை அடித் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 250 கிலோ. பழைய வீட்டில் அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், சுமை தாங்கும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும்.

பைதான்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் வரிசையை மாற்றுங்கள். முதலில் சம்மதம், பிறகு விலங்கு. ஓனரை நேராகப் பாருங்கள், அந்த வீட்டு அம்மாவும் இருக்கும்போது பேசுங்கள், முடிவு பெரும்பாலும் அவர்களுடையது. “சார், ஒண்ணு கேக்கணும். பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நான் வாங்க மாட்டேன்” என்று ஆரம்பித்தால் பாதி பயம் போய்விடும். பூட்டுப்போட்ட தொட்டியின் படத்தைக் காட்டுங்கள். விஷமில்லை, வனத்துறையில் பதிவு செய்வேன், அலுவலர் வந்தால் இதற்காகத்தான் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவருடைய பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். ‘பாம்பு இருந்த வீடு’ என்று பேர் வந்தால் அடுத்த வாடகைக்காரர் வருவாரா என்பது அவருக்கு உண்மையான கவலை. மறுத்தால் மறுத்ததுதான். நாகராஜா வழிபாட்டையெல்லாம் சொல்லி மடக்கப் பார்க்காதீர்கள்.

சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். ‘சரி தம்பி, வச்சுக்கோ’ என்றவர் வீட்டை விற்றுவிடலாம், மகன் வெளிநாட்டிலிருந்து வந்து பொறுப்பெடுக்கலாம். ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி சேர்த்து, எந்த இனம், எத்தனை, எந்த அறையில், தொட்டி பூட்டியே இருக்கும், சேதம் என்றால் சரிசெய்வது உங்கள் செலவு, புதுப்பிக்கும்போதும் இந்தச் சம்மதம் தொடருமா என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அதோடு இதுவும் போகட்டும். இதற்காக அட்வான்ஸை ஏற்றச் சொன்னால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைதான் சட்டப்படி உச்சவரம்பு என்பதை நினைவில் வையுங்கள். நடைமுறையில் அதற்கு மேல் வாங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதற்குப் பதில் காலிசெய்யும்போது அந்த அறைக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே காகிதமில்லாமல் ஒன்றை அலமாரிக்குப் பின்னால் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். ஓனர் கண்டுபிடித்துவிட்டார், நாளைக்குள் காலி செய்யச் சொல்கிறார் என்ற பதற்றத்தில் ஏரிக்கரையிலோ கிண்டிப் பக்கம் மரத்தடியிலோ விட்டுவிடாதீர்கள். தொட்டியில் வளர்ந்த பாம்பு அங்கே பிழைப்பது கஷ்டம். பிழைத்தால் அது நம்மூர் உயிர்களுக்கு ஆபத்து. அப்படிக் கைவிடுவது விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். கிண்டிப் பாம்புப் பண்ணை வாசலில் வைத்துவிட்டு வருவதும் தீர்வில்லை, மிருகக்காட்சிச் சாலைகளுக்கு விலங்கை வாங்கத் தனி விதிகள் உண்டு. வேறு ஊரில் இருக்கும் நண்பருக்குக் கைமாற்றினால் குற்றம் இருவருக்கும் ஆகும். வனவிலங்கு வழக்குகள் தெரிந்த ஒரு வக்கீலை முதலில் பாருங்கள். அவர் மூலமாக வனத்துறையை அணுகுங்கள். தானாக முன்வந்து ஒப்படைப்பவருக்கும் சோதனையில் பிடிபடுபவருக்கும் நடத்தப்படும் விதத்தில் வித்தியாசம் இருக்கும். அதுவரை தொட்டியைப் பூட்டி, தண்ணீர் மாற்றி, அந்த அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.